எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை: விபத்து வழக்கில் மனப் பாதிப்புக்குத் தனியாக இழப்பீடு கேட்கலாமா?

கன்னங்குறிச்சி செல்வி

என் அண்ணனுக்காகக் கேட்கிறேன். அவருக்கு வயது 38. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுற்றுலா வேன் ஓட்டி வந்தவர். வேன் சொந்தமில்லை, சம்பளத்துக்கு ஓட்டினார். கோடை விழாக் கூட்டத்தின்போது வேன் மலை ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில், இறங்கி வந்த லாரி ஒன்று வலப்புறம் ஏறி வந்து மோதிவிட்டது. பின் இருக்கையில் இருந்த பெரியவர் அங்கேயே இறந்துபோனார். அண்ணனுக்கு வலது முன்கை எலும்பு முறிந்து, தகடு வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். முதல் தகவல் அறிக்கை லாரி ஓட்டுநர் மீதுதான் பதிவாகியிருக்கிறது.

கை சரியாகி வருகிறது. மனம்தான் சரியாகவில்லை. கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் பக்கம் பஸ்ஸில் போனாலே உடம்பெல்லாம் வியர்க்கிறது. பிரேக் தேயும் வாடை வந்தால் பாதி வழியில் இறங்கிவிடுகிறார். இரவில் அலறி எழுகிறார். முன்கண்ணாடியில் அந்தப் பெரியவரின் முகம் தெரிகிறது என்கிறார். வேலை முற்றிலும் போய்விட்டது.

நாங்கள் பார்த்த வழக்கறிஞர், “கைக்கு 10, 12 சதவீத ஊனம் வரும். பயம், தூக்கமின்மை எல்லாம் வலி வேதனைத் தொகையில் அடங்கிவிடும், அதற்கென்று தனியாக எதுவும் இல்லை” என்கிறார். விபத்து நடந்து நான்கு மாதம் ஆகிறது. அவர் சொல்வது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓமலூர் ராஜா

சகோதரி, உங்கள் அண்ணன் நலம்பெற வேண்டும். ஆனாலும் என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். விபத்தில் சிக்கிய யாருக்குத்தான் பயம் இல்லை? முறிந்த எலும்புக்கு எக்ஸ்ரே இருக்கிறது. பயத்துக்கு எதைக் காட்டுவது? ஆளாளுக்கு “எனக்கும் மனம் உடைந்துவிட்டது” என்று கிளம்பினால் உண்மையாகப் பாதிக்கப்பட்டவனின் சொல்லையும் நீதிமன்றம் நம்பாது. என் அக்கறை அதுதான்.

மணக்காடு வழக்கறிஞர்

ராஜா கேட்டது நியாயமான கேள்வி. நீதிபதியும் அதையேதான் கேட்பார். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மனப் பாதிப்புக்குச் சட்டத்தில் இடம் உண்டு. 1995இல் ஹட்டங்காடி வழக்கில் உச்ச நீதிமன்றம் உடல் அதிர்ச்சியோடு மன அதிர்ச்சியையும், வாழ்க்கையில் வரும் ஏமாற்றம், விரக்தி, மன உளைச்சல் ஆகியவற்றையும் இழப்பீட்டுக் கணக்கில் வைத்தது. 2010 அக்டோபரில் தீர்ப்பான ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கு இன்று காய வழக்குகளுக்கெல்லாம் அடிப்படை. அதிலும் வலி, வேதனை, அதிர்ச்சி என்பது ஒரு தலைப்பு. உங்கள் வழக்கறிஞர் சொன்னது இந்த அளவுக்குச் சரி.

அவர் சொல்லாமல் விட்ட பகுதிதான் உங்கள் அண்ணனுக்கு முக்கியம். அதே தீர்ப்பு, உடலில் எத்தனை சதவீத ஊனம் என்பது வேறு, அதனால் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு என்று தெளிவாகப் பிரிக்கிறது. அதில் வரும் உதாரணம் இது: இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு ஏறக்குறைய முழுமையானது. அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை போகாமலும் இருக்கலாம். கை ஒன்றுதான், தொழில் வேறு, எனவே இழப்பும் வேறு. மலைப்பாதையில் வேன் ஓட்டிப் பிழைத்தவருக்கு மலையைக் கண்டாலே உடல் நடுங்குகிறது என்றால், அது வருமான இழப்பு. வலி வேதனைத் தொகைக்குள் தள்ளி மூட வேண்டிய விஷயமில்லை.

பணக் கணக்கில் இதன் வேறுபாட்டைப் பாருங்கள். நம் மாநிலத்தில் பல வழக்குகளில் ஊனச் சதவீதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை என்று பெருக்கித் தருகிறார்கள். சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று வைத்தால் 12 சதவீதத்துக்கு 60,000 ரூபாய். இதையே வருமான இழப்பாக நிரூபித்தால் பெருக்குத்தொகை முறை வரும், அதாவது ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். 36 முதல் 40 வயது வரை பெருக்கு எண் 15. மாதம் 18,000 ரூபாய் வருமானம், 40 சதவீதத் தொழில்திறன் இழப்பு என்று விபத்து வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால், 18,000 பெருக்கல் 12 பெருக்கல் 15, அதில் 40 சதவீதம், அதாவது 12,96,000 ரூபாய். 40 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு எதிர்கால வருமான உயர்வு என்று இன்னொரு 40 சதவீதம் சேர்த்துக் கேட்கவும் வழி உண்டு. வருமானமும் இழப்புச் சதவீதமும் நான் உதாரணத்துக்கு எடுத்தவை. உங்கள் வழக்கில் என்ன வரும் என்பது சாட்சியத்தைப் பொறுத்தது.

இனி ராஜாவின் எக்ஸ்ரே கேள்வி. மனநல மருத்துவரின் புறநோயாளிச் சீட்டு, மருந்துச் சீட்டு, தொடர்ந்து சிகிச்சைக்குப் போன தேதிகள், நோய்க்கணிப்பு இவைதான் இங்கே எக்ஸ்ரே. சிகிச்சை அளித்த மருத்துவர் கூண்டேறிச் சொல்ல வேண்டும். சும்மா “பயமாக இருக்கிறது” என்ற வாக்குமூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு போனால் எதுவும் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

அவசரம் ஒன்று இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் உண்டு. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். போலீசார் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் விபத்து அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த அறிக்கையில் உங்கள் அண்ணனின் மனநிலையைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. உங்கள் மனுவை நீங்களே போடுங்கள்.

கன்னங்குறிச்சி செல்வி

ஐயா, மிக்க நன்றி. ஆனால் நாங்கள் இதுவரை மனநல மருத்துவரிடம் போகவே இல்லை. அம்மா கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பிறகு ஒருவரிடம் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மனநல மருத்துவர் என்றாலே அண்ணன் கோபப்படுகிறார். “எனக்குப் பைத்தியம் என்று எழுதிவிட்டால் லைசென்ஸ் போய்விடும், பிள்ளைகளைப் பள்ளியில் என்ன சொல்வார்கள்?” என்கிறார். அந்தப் பயத்திலும் ஒரு நியாயம் இருக்கிறதே?

சூரமங்கலம் மனநலச் செவிலி

செல்வி, உங்கள் அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். நான் மனநலப் பிரிவில் வேலை செய்கிறேன்.

அண்ணா, உங்களுக்கு வந்திருப்பது பைத்தியம் இல்லை. பெரிய விபத்துக்குப் பிறகு முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும், காட்சிகள் கண்முன் வருவதும் பெரும்பாலானவர்களுக்கு நடக்கும், தானாகவே குறையும். ஒரு மாதத்தைத் தாண்டியும் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது, அந்த இடத்தையே தவிர்க்கிறீர்கள், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுகிறது, வேலை நின்றுவிட்டது என்றால், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறாக இருக்கலாம். பி.டி.எஸ்.டி. என்று மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். இருக்கிறதா இல்லையா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இருந்தால் அதற்கு மருந்து உண்டு, பேச்சு சிகிச்சையும் உண்டு. பயந்த இடத்தை அமைதியான முறையில், படிப்படியாக, துணையோடு மீண்டும் சந்திக்கப் பழக்குவது அந்தச் சிகிச்சையின் முக்கியப் பகுதி. “ஆம்பளைதானே, ஒரு தடவை ஓட்டிப் பார், எல்லாம் சரியாகும்” என்று உறவினர்கள் வேனில் ஏற்றிவிடுவது சிகிச்சை இல்லை. அதனால் பலருக்குப் பயம் இன்னும் கூடியிருக்கிறது.

அம்மா கயிறு கட்டினார் என்றால் கட்டட்டும். அது அவருடைய அன்பு. கயிற்றை அவிழ்க்கச் சொல்லி வீட்டில் சண்டை வேண்டாம். கையில் கயிறோடே புறநோயாளிப் பிரிவுக்கு வரலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இன்று இரவே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

குடிப்பழக்கம் புதிதாக வந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்கியவர்களை நிறையப் பார்க்கிறேன்.

மணக்காடு வழக்கறிஞர்

லைசென்ஸ் பற்றி. மருத்துவச் சீட்டு ஒன்றாலேயே யாருடைய உரிமமும் ரத்தாவதில்லை. நோய் காரணமாக ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால்தான் உரிமம் தரும் அதிகாரி உத்தரவு போடலாம். குணமான பிறகு மருத்துவச் சான்றோடு ஓட்டலாம். ரகசியம் பற்றியும் பயம் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையையும் நோயாளிக்குத் தருகிறது. வழக்குக்கு அந்த உரிமை மிகவும் உதவும்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வழக்கில் மனப் பாதிப்பைக் கேட்டால் அந்தப் பதிவுகள் நீதிமன்றத்துக்கு வரும். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில், விபத்துக்கு முன்பே இந்தப் பிரச்சினை இருந்ததா, குடிப்பாரா, வீட்டில் சண்டை உண்டா என்றெல்லாம் கேட்பார். அண்ணன் அதற்கு மனத்தளவில் தயாரான பிறகே சம்மதம் சொல்லட்டும்.

ஆத்தூர் பெரியசாமி

நான் ஊரில் பல விபத்து வழக்குகளுக்குக் கூடவே அலைந்தவன். ஒரு யோசனை சொல்கிறேன் அம்மா. இப்போதே சிகிச்சை எடுத்து அவர் சரியாகிவிட்டால், “குணமாகிவிட்டாரே, எதற்கு இழப்பீடு?” என்பார்கள். தீர்ப்பு வரும்வரை அவர் வண்டியைத் தொடாமல் வீட்டிலேயே இருக்கட்டும். அதுதான் வழக்குக்குப் பலம். பணம் வந்த பிறகு நல்ல மருத்துவமனையில் காட்டலாம்.

சூரமங்கலம் மனநலச் செவிலி

பெரியசாமி ஐயா, உங்கள் வயதுக்கும் அனுபவத்துக்கும் மரியாதை தருகிறேன். ஆனால் இந்த யோசனையைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். வழக்கு எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை ஒரு மனிதன் இரவில் அலறி எழுந்துகொண்டே இருக்க வேண்டுமா? சிகிச்சை இல்லாமல் நாள் ஆக ஆக, தவிர்ப்பது பழக்கமாகிவிடும். மலையில் தொடங்கும் பயம் பிறகு ஐந்து ரோடு சிக்னல்வரை இறங்கி வரும். மனச்சோர்வு சேரும். தற்கொலை எண்ணம் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த அண்ணனின் தூக்கத்தை அடமானம் வைத்து வாங்கும் பணம் அந்த வீட்டுக்கு வேண்டாம்.

மணக்காடு வழக்கறிஞர்

சட்டப்படியும் அது கெட்ட யோசனை. சிகிச்சையே எடுக்காதவர் “எனக்குக் கடுமையான பாதிப்பு” என்று சொன்னால், எதிர்த்தரப்பு முதலில் கேட்பது “ஏன் மருத்துவரைப் பார்க்கவில்லை?” என்பதுதான். இழப்பைக் குறைக்க நியாயமான முயற்சி எடுப்பது பாதிக்கப்பட்டவரின் கடமை. சிகிச்சை எடுத்து ஓரளவு குணமானாலும், அதுவரை இழந்த சம்பளம், மருத்துவச் செலவு, இனிமேல் தேவைப்படும் சிகிச்சை, மிச்சமிருக்கும் பாதிப்பு எல்லாவற்றுக்கும் கேட்கலாம். சிகிச்சை எடுத்தும் மலை ஓட்ட முடியவில்லை என்று மருத்துவரே எழுதினால், அதைவிட வலுவான சாட்சியம் இல்லை.

ஆத்தூர் பெரியசாமி

செவிலி அம்மா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். என் யோசனையை விட்டுவிடுங்கள் அம்மா. முதலில் வைத்தியம் பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு வீடு

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் செல்விக்கு உதவும் என்று எழுதுகிறேன். என் கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்கிறார். இருசக்கர வாகனத்தில் போனபோது கார் மோதியது. தோள் எலும்பில் அடி, தலையில் சிறு காயம். தோள் சரியான பிறகும், பின்னால் ஹாரன் கேட்டால் கை உதறிவிடும். கொலுசில் சலங்கை வைத்துப் பற்றவைக்கும்போது கை ஒரு நூல் நகர்ந்தாலும் உருப்படி வீண். தினமும் வெள்ளி சேதம், முதலாளி எத்தனை நாள் பொறுப்பார்?

எங்கள் வழக்கில் உதவியது இரண்டு விஷயம். ஒன்று, பட்டறை முதலாளியே வந்து, விபத்துக்கு முன் அவர் வாரத்துக்கு எத்தனை ஜோடி முடிப்பார், இப்போது எத்தனை முடிக்கிறார் என்று கூலி நோட்டைக் காட்டிச் சாட்சி சொன்னார். இரண்டாவது, முதல் சீட்டிலேயே மருத்துவர் “விபத்துக்குப் பிறகு தொடங்கியது” என்று எழுதியிருந்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எவ்வளவோ கேட்டும் அந்த ஒரு வரியை அசைக்க முடியவில்லை. குறுக்கு விசாரணை அன்று என் கணவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார் என்பதும் உண்மை. அந்த நாளில் உங்கள் அண்ணனுக்குத் துணையாக யாராவது போங்கள்.

செல்வி, வேன் உரிமையாளர் உங்கள் அண்ணனுக்குச் சம்பளம் கொடுத்ததற்கு ஏதாவது எழுத்து இருக்கிறதா? அதை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னங்குறிச்சி செல்வி

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அம்மாவும் நானும் அழுதுவிட்டோம். வேன் உரிமையாளர் நல்லவர், எழுதித் தருவார். அவர் இன்னொன்றும் சொன்னார். தன் வேனின் காப்பீட்டிலிருந்தும் தொழிலாளர் என்ற முறையில் கேட்கலாமாம். இரண்டிலும் கேட்கலாமா ஐயா?

மணக்காடு வழக்கறிஞர்

இரண்டு வழி இருக்கிறது, நடக்க ஒன்றுதான். வேலையின்போது அடிபட்டவர் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் (1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டமாக இருந்தது, 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது) கேட்கலாம், மோட்டார் வாகனச் சட்டத்திலும் கேட்கலாம். ஆனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 167ஆம் பிரிவு சொல்கிறது. வலி, அதிர்ச்சி, வாழ்க்கை வசதி இழப்பு ஆகியவற்றுக்குத் தொழிலாளர் சட்டத்தில் இடம் மிகக் குறைவு. உங்கள் அண்ணனுக்கு லாரி தரப்புக்கு எதிரான 166ஆம் பிரிவு மனுவே பொருத்தம் என்பது என் கருத்து.

தவறு யாருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் உண்டு. அகலம் குறைந்த மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கி வரும் வண்டிதான் வழிவிட வேண்டும். அண்ணன் ஏறிக்கொண்டிருந்தார் என்பது அவருக்குச் சாதகம். காவல்துறையின் வரைபடத்தில் வேனின் திசை சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே, கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் தரும் 164ஆம் பிரிவு இருக்கிறது. எலும்பு முறிவு கொடுங்காயம்தான். காப்பீட்டு நிறுவனத்தார் அந்தத் தொகையை விரைவாகத் தருகிறோம் என்று வரலாம். அதை ஏற்றுக் கையெழுத்திட்டால் 166ஆம் பிரிவு மனு அதோடு முடிந்துவிடும். வீட்டில் பணமுடை இருக்கும் நேரத்தில்தான் இப்படி வருவார்கள்.

லண்டனில் ஒரு சேலத்துக்காரன்

இங்கிலாந்தில் வேறு மாதிரி. இங்கே சாலை விபத்தில் கழுத்துச் சுளுக்கு வந்தால், 2021 மே 31 முதல் நிர்ணயிக்கப்பட்ட பட்டியல் இருக்கிறது. சிறிய மனப் பாதிப்பும் சேர்ந்திருந்தால் சற்றே கூடுதலான தொகை என்று தனிப் பத்தியே உண்டு. கடுமையான மனப் பாதிப்புக்கு அந்தப் பட்டியல் இல்லை, நிபுணர் அறிக்கையை வைத்து மதிப்பிடுவார்கள்.  பட்டியல் தொகை ஓட்டுநருக்கும் எழுத்தருக்கும் ஒன்றேதான், வருமான இழப்பைத் தனியாகக் கேட்க வேண்டும். தொழிலைப் பார்த்து இழப்பை அளக்கும் ராஜ்குமார் தீர்ப்பின் முறையே எனக்கு நியாயமாகப் படுகிறது.

ஏற்காடு மலர்

எனக்கும் ஒரு கேள்வி. என் தங்கை அந்த மாதிரி ஒரு விபத்தைக் கண்ணெதிரே பார்த்தவள். அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் அதிலிருந்து மலையை விட்டுக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறாள். கல்லூரிக்குப் போவது நின்றுவிட்டது. அவள் கேட்க முடியுமா?

மணக்காடு வழக்கறிஞர்

கடினம், மலர். 165ஆம் பிரிவு தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருவது மரணத்துக்கும் உடல் காயத்துக்கும் சொத்துச் சேதத்துக்கும்தான். உடலில் காயமே இல்லாமல், பார்த்ததால் மட்டும் வந்த பாதிப்புக்கு அங்கே வழி அடைபட்டிருக்கிறது என்றே சொல்வேன். இது சட்டத்தின் குறை என்பது என் உறுதியான எண்ணம். விபத்தில் இறந்தவர் அவளுடைய நெருங்கிய உறவு என்றால் வேறு கோரிக்கை உண்டு. இல்லை என்றால், வழக்கைப் பற்றி யோசிக்காமல் செவிலி அம்மா சொன்ன சிகிச்சைக்கு உடனே கூட்டிப்போங்கள். கல்லூரியிலும் மருத்துவச் சான்று கொடுத்து வருகைப்பதிவுச் சலுகை கேளுங்கள்.

ஓமலூர் ராஜா

எல்லாவற்றையும் படித்தேன். கூலி நோட்டைக் காட்டிச் சாட்சி சொன்னது என் சந்தேகத்துக்குச் சரியான பதில். ஆனால் எதிர்த்தரப்பு ஒரு மருத்துவரைக் கொண்டுவந்து “இந்த நோயே இல்லை” என்றால்?

மணக்காடு வழக்கறிஞர்

அதற்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி, நீதிமன்றத்தில் மனநோய்க்கான சான்று காட்டப்பட்டு எதிர்த்தரப்பு அதை மறுத்தால், நீதிமன்றம் அதை மனநல ஆய்வு வாரியத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். விபத்து வழக்குகளில் இதை யாரும் கேட்பதே இல்லை. உங்கள் வழக்கறிஞரிடம் இந்தப் பிரிவைச் சொல்லிப் பாருங்கள் செல்வி. ஊனச் சான்றுக்கு மருத்துவ வாரியத்துக்கு அனுப்பும்போதும், எலும்பு மருத்துவரோடு மனநல மருத்துவரும் பார்க்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். பொதுவாகக் கை, கால் மட்டும் அளந்து அனுப்பிவிடுகிறார்கள்.

மனுவில் எழுதும்போது “மனம் உடைந்துள்ளார்” என்று ஒரு வரியோடு விடக் கூடாது. எந்தச் சாலையில் ஓட்டினார், மாதம் எவ்வளவு வந்தது, இப்போது எது முடியவில்லை, எந்தத் தேதியிலிருந்து சிகிச்சை என்று பத்தி பத்தியாக வர வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால், அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கன்னங்குறிச்சி செல்வி

அண்ணன் இந்த இழையை நேற்று இரவு முழுவதுமாகப் படித்தார். கொலுசு வீட்டு அக்கா எழுதியதை மட்டும் இரண்டாவது தடவை படித்தார். திங்கட்கிழமை அரசு மருத்துவமனைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மனுவை இந்த மாதமே போடுகிறோம்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம் என்று காப்பீட்டுத் தரப்பிலிருந்து இப்போதே ஒருவர் போன் செய்தார். போகலாமா ஐயா?

மணக்காடு வழக்கறிஞர்

இப்போது வேண்டாம். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் மேல்முறையீடு கிடையாது. மருத்துவர் இன்னும் அண்ணனைப் பார்க்கவே இல்லை, பாதிப்பு எவ்வளவு என்பதே யாருக்கும் தெரியாது. மனு கோப்பில் ஏறட்டும், சில மாதச் சிகிச்சைப் பதிவு சேரட்டும், மருத்துவ வாரியத்தின் அறிக்கை வரட்டும். அதன் பிறகு அவர்கள் சொல்லும் தொகையை அந்தக் காகிதங்களோடு வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். போன் செய்தவரிடம், “மனு போட்ட பிறகு எங்கள் வழக்கறிஞரிடம் பேசுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். வெற்றுத் தாள் எதிலும் அண்ணன் கையெழுத்துப் போடக் கூடாது.